கூற்று இல்லாத செவிலி

களவில் கூற்றுக்கு உரியவர்கள் என்று தொல்காப்பியம் ஆறு பேரைச் சொல்கிறது. தலைவன், தலைவி, தோழி, பாங்கன், பார்ப்பான் ஆகியோரோடு செவிலியும் அதில் ஒருத்தி. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. மகள் உடன்போனால் தேடிக்கொண்டு சுரத்தில் நடப்பவள் அவள். மணமான பிறகு மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்பவளும் அவளே. அதாவது செவிலி போகிறாள், பார்க்கிறாள், வந்து சொல்கிறாள். அக மரபில் அவள் பேசும் தன்னிலை. 'நர்ஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடியவர்கள் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சொல்லை எடுத்தவர்கள் அவளுடைய கூற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்களா என்பது என் கேள்வி.

இந்தக் கேள்வியைச் செவிலியக் கல்லூரிகளில் முதுகலைப் பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடுகளிடம் கேட்க விரும்புகிறேன். குறிப்பாக மகப்பேறு சார்ந்தவற்றிடம். இவை இலக்கியப் பிரதிகள் அல்லவே, விமர்சகனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். எழுதப்பட்ட எதுவும் பிரதிதான். அதில் யார் பேசுகிறார், யார் பேசப்படுகிறார் என்று பார்ப்பது நம் வேலைதான்.

1

இந்த ஏடுகளை வரிசையாகப் புரட்டும்போது முதலில் கண்ணில் படுவது அவற்றின் அச்சு. தலைப்பே ஒரு வாய்பாடு. 'தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில் கருவுற்ற தாய்மாரிடையே இன்னது பற்றிய அறிவின்மீது திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் பயன்திறனை மதிப்பிடும் ஓர் ஆய்வு.' ஊரையும் 'இன்னது' என்பதையும் மாற்றினால் அடுத்த ஏடு தயார். முதலில் முன்தேர்வு. பிறகு ஒரு மணி நேரமோ அரை மணி நேரமோ பாடம். ஏழு நாள் கழித்துப் பின்தேர்வு. மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் எங்கே போகும்? சொல்லிக்கொடுத்ததையே திருப்பிக் கேட்கிறார்கள். வித்தியாசம் 0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்கது என்று புள்ளியியல் சொல்லிவிடும். ஜெயிச்சாச்சு.

இடையில் ஒரு கோட்பாட்டு இயல் வேறு உண்டு. இமோஜின் கிங்கின் இலக்கடைவுக் கோட்பாடு, டொரோத்தியா ஓரெமின் சுயபராமரிப்புக் கோட்பாடு, எர்னஸ்டின் வீடன்பாக்கின் உதவும் கலைக் கோட்பாடு என்று ஏதாவது ஒன்று, பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக ஒரு பக்கத்தில் வரையப்பட்டிருக்கும். வீடன்பாக் தாமே ஒரு செவிலி, பேறுகால மருத்துவச்சி. 1964இல் செவிலியத்தை ஒரு கலை என்று எழுதினார். நோயாளிக்கு என்ன உதவி வேண்டும் என்பதைக் கண்டுகொள்ளும் நுட்பமும் அவர் சொன்ன கலையில் அடங்கும். அந்தக் கலை இங்கே நாலு பெட்டியாகி, கடைசிப் பெட்டிக்குள் 'பின்தேர்வு' உட்கார்ந்திருக்கிறது.

மாணவிகளைக் கேலி செய்யவில்லை. பணிமுறைக்கும் தேர்வுக்கும் நடுவில், நெறியாளர் கொடுத்த அச்சில், குறித்த நாளுக்குள் அவர்கள் எழுதியாக வேண்டும். தமிழ் எம்.ஏ., எம்.ஃபில். படித்த நமக்குத் தெரியாத அச்சா? 'இன்னாரின் நாவல்களில் பெண் பாத்திரங்கள் – ஓர் ஆய்வு' என்று எத்தனை கட்டு கட்டிப் பல்கலைக்கழகப் பரணில் போட்டிருக்கிறோம்! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் ஆய்வால் நாவலில் வரும் பெண்ணுக்குச் சேதாரம் இல்லை. அங்கே வலியோடு படுத்திருப்பவள் ரத்தமும் சதையுமான பெண்.

இந்த அச்சு 'அறிவு' என்ற சொல்லை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். போதுமான அறிவு, மிதமான அறிவு, போதாத அறிவு என்று தாய்மார்கள் மூன்றாகப் பிரிக்கப்படுகிறார்கள். அறிவு என்பது சரியான விடைக்கு நேரே போட்ட டிக் குறிகளின் கூட்டுத்தொகை. முன்தேர்வில் பெரும்பாலோருக்குப் 'போதாத அறிவு' இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வுக்கே வேலை இல்லை. தாய் காலிக் குடம். செவிலி பாடநூலிலிருந்து மொண்டு ஊற்றும் கரண்டி. கரண்டிக்கு என்று சொந்தமாக எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆய்வாளரும் செவிலிதான் என்பது இதில் உள்ள கொடுமை. தன் கை அறிந்ததைத் தானே அழித்துவிட்டுத்தான் அவள் ஆய்வாளர் ஆகிறாள்.

2

இந்த ஏடுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. தமிழ் வருவது பின்னிணைப்பில். வினாநிரலின் மொழிபெயர்ப்பு, ஒப்புதல் படிவம், மொழிபெயர்ப்பு சரியாக இருக்கிறது என்று ஒரு தமிழாசிரியர் கொடுத்த சான்றிதழ். தமிழ் படித்தவன் என்பதால் என்னிடமும் அப்படிச் சில வினாநிரல்கள் வந்ததுண்டு. அதனால்தான் இவற்றை முழுதாகப் படிக்க நேர்ந்தது. பெண்கள் 'தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சு' என்பார்கள். வினாநிரல் 'பனிக்குட நீர் வெளியேறுதல்' என்னும். அவர்கள் 'நஞ்சு விழலை' என்பார்கள். வினாநிரல் 'பிரசவத்தின் மூன்றாம் நிலை' என்னும். தாயும் செவிலியும் பிரசவ அறையில் ஒரே மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆய்வு நுழையும்போது இருவருக்கும் நடுவில் ஆங்கிலத்தின் நிழலாக இன்னொரு தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

'சூட்டு வலி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நாள் நெருங்கியவளுக்கு இடுப்பு வலித்தால், இது சூட்டு வலியா பிள்ளை வலியா என்று வீட்டுப் பெரியவள் கேட்பாள். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த கஷாயத்தைக் கொடுத்துக் காத்திருப்பாள். வலி அடங்கிவிட்டால் சூட்டு வலி, விட்டுவிட்டு ஏறினால் பிள்ளை வலி. கஷாயத்துக்கு என்ன சக்தி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இதில் ஒரு பகுப்பு இருக்கிறது, ஒரு சோதனை இருக்கிறது, காத்திருக்கும் முறை ஒன்று இருக்கிறது. பாடநூலிலும் மெய்வலி, பொய்வலி என்று அட்டவணை உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கலாம். நான் பார்த்த வினாநிரல்கள் எதுவும் பேசவில்லை. பொய்வலியின் அறிகுறி எது, அ, ஆ, இ, ஈ என்றுதான் கேட்டன.

இன்னொரு விநோதமும் உண்டு. முதுகு தேய்த்துவிடுதல், ஒத்தடம் போன்றவை இப்போது பிரசவ வலியைக் குறைக்கும் 'இடையீடுகளாக' ஆய்வில் வருகின்றன. சோதனைக் குழுவுக்கு முப்பது பேர், கட்டுப்பாட்டுக் குழுவுக்கு முப்பது பேர், வலியை அளக்கப் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு கோடு. தேய்த்துவிட்ட குழுவுக்கு வலி குறைந்தது என்று முடிவு. நல்லதுதான். ஆனால் விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்த்த கை யாருடையது?

3

அந்தக் கைக்குச் சாதி உண்டு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சாதிப் பெண்கள். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலேயே இது பதிவாகியிருக்கிறது. வேறு சில ஊர்களில் தலித் பெண்கள். ரத்தமும் நஞ்சும் தீட்டு. ஆகவே அதைத் தொடும் வேலை கீழே தள்ளப்பட்டது. மருத்துவச்சி தேவைப்பட்டாள், ஆனால் கொல்லைப்புறமாகத்தான் வர வேண்டும். கூலியாக நெல்லும் பழைய சேலையும். சென்னையில் 1844இல் அரசு மகப்பேறு மருத்துவமனை வந்தது. 1926இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பதிவேடு வந்தது. பதிவேட்டில் ஏறியவள் தொழில் உடையவள், ஏறாதவள் அறியாமையின் உருவம் என்றாயிற்று. தீட்டு என்று ஒதுக்கப்பட்டவள் இப்போது கிருமி என்று ஒதுக்கப்பட்டாள். காரணம் மாறியது, ஒதுக்கல் மாறவில்லை.

நான் படித்த ஆய்வேடுகளில் மாதிரிகளின் வயது, மதம், படிப்பு, வருமானம், தனிக்குடும்பமா கூட்டுக்குடும்பமா எல்லாம் கேட்கப்படுகின்றன. சாதி கேட்கப்படுவதில்லை. பிரசவம் பார்ப்பதன் வரலாறே சாதியில் இருக்கும் ஒரு சமூகத்தில் இந்த மௌனம் நாகரிகம் என்ற பெயரில் நடக்கும் அழிப்பு.

உடனே மருத்துவச்சிப் பாட்டியைக் கும்பிடக் கிளம்பிவிடும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பெண் உயிரிழந்த செய்தியை நாம் படித்தோம். 2018–20 கணக்குப்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் மரணம் 97, தமிழ்நாட்டில் 54. இந்த எண் இறங்கியதற்குப் பின்னால் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அங்கே ராத்திரி முழுக்கக் கண் விழித்த செவிலியரும் இருக்கிறார்கள். மரபைப் புகழ்ந்து மருத்துவமனையைத் திட்டும் பேச்சில் இந்தச் செவிலிக்கும் இடம் இல்லை. அங்கேயும் அவள் ஊசி குத்தும் அதிகாரத்தின் கைத்தடி, அவ்வளவுதான்.

4

இதற்கு மாற்றான ஆய்வு முறை இல்லாமல் இல்லை. பிரிஜிட் ஜோர்டான் 1978இல் நான்கு பண்பாடுகளின் பிரசவத்தை ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஒரு பிரசவ அறையில் பல அறிவுகள் இருந்தாலும் ஒன்றுதான் செல்லுபடியாகிறது, அது சரி என்பதால் செல்லுபடியாவதில்லை, அதை வைத்து முடிவெடுக்க முடிகிறது என்பதால் செல்லுபடியாகிறது என்பது அவர் வளர்த்தெடுத்த கருத்து. மெக்சிகோவின் யுகட்டானில் மாயா மருத்துவச்சிகளுக்கு அரசு நடத்திய பயிற்சிகளைப் பற்றி 1989இல் அவர் எழுதினார். பயிற்சி முடிந்ததும் மருத்துவச்சிகள் அதிகாரிகளிடம் பேசும் முறையைக் கற்றுக்கொண்டார்கள், பிரசவம் பார்க்கும் முறை பெரிதாக மாறவில்லை என்பது அவர் கண்டது. நம் பின்தேர்வு அளப்பதும் இதைத்தானோ? கேட்பவருக்கு ஏற்றபடி பதில் சொல்லும் திறனை?

பட்ரீசியா பென்னர் 1984இல் செய்தது இன்னும் எளிமையானது. செவிலியரிடமே போய், ஒரு நாள் ராத்திரி என்ன நடந்தது, நீங்கள் என்ன கவனித்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அவர்கள் சொன்ன கதைகளே ஆய்வின் தரவு. கற்றுக்குட்டி விதியைப் பார்க்கிறாள், தேர்ந்தவள் நிலைமையைப் பார்க்கிறாள் என்று அதிலிருந்து காட்டினார். நம் மொழியில் சொன்னால் அது செவிலி கூற்று.

இந்தியாவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். குஜராத்தில் செவிலியப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த மாணவியரை வைத்துப் பாரதி சர்மாவும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. பெரும்பாலான மாணவியர் பாடத்திட்டம் விதித்த எண்ணிக்கையில் பிரசவம் பார்த்திருக்கவில்லை. பட்டப்படிப்பு மாணவியரைவிட டிப்ளமோ மாணவியருக்குத் தன்னம்பிக்கை அதிகமாக இருந்தது. படிப்பு ஏற ஏறக் கை விலகுகிறது. நம் நாட்டில் தேர்ச்சி பெற்ற செவிலிக்குப் பதிவுபெற்ற மருத்துவச்சி என்ற பெயரும் சேர்த்தே வழங்கப்படுகிறது. பெயர் கிடைத்துவிடுகிறது, கை கிடைக்கிறதா?

5

எனக்கு வேண்டிய ஆய்வு எது என்று சொல்லி முடிக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையம். ராத்திரி இரண்டு மணி. பணியில் ஒரே ஒரு செவிலி. தலைப்பிரசவக்காரி வந்திருக்கிறாள். வலி இருக்கிறது, திறப்பு நகரவில்லை. குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு இப்போதைக்குச் சரி. வாசலில் மாமியார் 'பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாமா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். 108ஐக் கூப்பிடுவதா, இன்னும் ஒரு மணி நேரம் பொறுப்பதா? அனுப்பினால் வழியில் வண்டியிலேயே பிறக்கலாம். அனுப்பாமல் ஏதாவது ஆனால் விசாரணை அவள் மேல்தான். அவள் முடிவெடுக்கிறாள். எதை வைத்து எடுத்தாள்? வயிற்றில் வைத்த கையா, பெண்ணின் முகமா, முனகலின் சுருதி மாறியதா, சென்ற வருஷம் நடந்த ஒன்றின் நினைவா? நான் புரட்டிய ஆய்வேடுகளில் யாரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை. அவளைப் பற்றி ஆய்வு நடந்தால் அது 'பணி மன அழுத்தம்' என்ற அளவுகோலில் ஒரு எண்ணாக முடியும்.

2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தபோது அவர்களின் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அன்று அவர்கள் உரக்கப் பேசினார்கள். அது செய்தித்தாளில் வந்தது. செவிலியக் கல்வியும் நடைமுறையும் பற்றிய ஆய்வில் அந்தப் பேச்சு எந்த இயலில் வரும்?

இது ஏதோ கல்லூரிக்குள் தீர்க்க வேண்டிய விஷயம் என்று விட்டுவிட முடியாது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. பொறுத்திருந்து பார்க்கலாம் என்று சொல்லத் தெரிந்தவளின் சொல்லுக்கு மதிப்பு இல்லாமல் போகிற இடத்தில் கத்திக்கு வேலை கூடுகிறது. காரணங்கள் பல இருக்கலாம், இதுவும் ஒன்று. 2018இல் மத்திய அரசு மருத்துவச்சியர் சேவைக்கென்றே வழிகாட்டுநெறி வெளியிட்டு, செவிலியருக்குப் பதினெட்டு மாதத் தனிப்பயிற்சி என்றது. 2023இல் செவிலியம், பேறுகாலப் பணிக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. மருத்துவச்சி என்ற சொல் இப்படிச் சட்டத்தின் வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. கொல்லைப்புறமாக வந்துபோன பழைய மருத்துவச்சியின் வரலாற்றைப் புதிய பாடத்திட்டம் என்ன செய்யப்போகிறது?

ஆய்வேட்டின் முதல் இயலில் ஆங்கிலமும் பின்னிணைப்பில் தமிழும் என்ற வரிசையை ஒருமுறை தலைகீழாக்கிப் பார்க்கலாம். செவிலி தன் ராத்திரியைத் தன் பேச்சில் சொல்லட்டும். கருவுற்றவள் தன் வலியைத் தன் சொல்லில் வகைப்படுத்தட்டும். அட்டவணையும் 0.05உம் பின்னிணைப்புக்குப் போகட்டும். ஒரு மாணவி இப்படி எழுதிக்கொண்டு போனால் அவளுடைய நெறியாளர் கையெழுத்துப் போடுவாரா?