ஜப்பானிய மொழி படிக்க ஆன்கி: அட்டையைத் தமிழிலேயே எழுதுங்கள்

ஜப்பானிய மொழியில் 'ஆன்கி' என்றால் மனப்பாடம். அந்தப் பெயரில் 2006இல் வந்த நினைவட்டைச் செயலியை ஆறு மாதமாகத் தினமும் காலையில் பயன்படுத்துகிறேன். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும்.

அட்டையின் முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். விடையைப் பார்த்ததும், எவ்வளவு நினைவிருந்தது என்பதற்கேற்ப நான்கு பொத்தான்களில் ஒன்றைத் தட்ட வேண்டும். மறந்த அட்டை சில நிமிடங்களில் திரும்ப வரும். நினைவிருந்தது சில நாள், சில வாரம், சில மாதம் என்று தள்ளிப்போகும். 2023இல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் முறையை அமைப்புகளில் இயக்கிவிட்டால், நம் மறதியைக் கணித்து இடைவெளியை வகுக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு பட்டியலிட்ட காஞ்சி எனும் சீனவழி எழுத்துகளே 2,136. இப்படியொரு துணை இல்லாமல் அவற்றை நினைவில் வைப்பது பெரும்பாடு.

தொடக்கத்தில் ஆர்வத்தில் நாளுக்கு 20 புதிய அட்டை வைத்தேன். மூன்றாவது வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியவை மலையாகக் குவிந்தன. பத்தாகக் குறைத்த பிறகுதான் பழக்கம் நிலைத்தது.

இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டைக் கட்டுகளில் பெரும்பாலும் ஆங்கிலப் பொருளே இருக்கும். நமக்கு அது சுற்றுவழி. 'மிஸு ஓ நொமிமஸ்' என்பதைப் பாருங்கள். மிஸு தண்ணீர், ஓ நம் 'ஐ' உருபு, நொமிமஸ் குடிக்கிறேன். 'தண்ணீரைக் குடிக்கிறேன்' என்று வரிசை மாறாமல் அப்படியே தமிழில் உட்காருகிறது. 'ஒபஸன்' அத்தை, 'ஒபாஸன்' பாட்டி. குறில் நெடில் அறிந்த நமக்கு இது புதிதல்ல.

ஒலிப்பதிவு இல்லாத அட்டை மட்டும் வேண்டாம். தோக்கியோ வழக்கில் 'ஹஷி' முதலில் உயர்ந்து ஒலித்தால் சாப்பிடும் குச்சி, கடைசியில் உயர்ந்தால் பாலம். எழுத்து இதைக் காட்டாது. காதுதான் பிடிக்க வேண்டும்.

ஆன்கி இலக்கணம் கற்பிக்காது, பேசவும் வைக்காது. அதற்குப் பாடநூலும் ஆசிரியரும் வேண்டும். சென்னையிலும் நடக்கும் ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது; தேர்ச்சி பெற்றாலும் பேச்சுப் பயிற்சியைத் தனியாகத் தேடிக்கொள்ளுங்கள்.

படித்ததை மறக்கவிடாமல் காப்பதில் ஆன்கியை நம்பலாம். ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகனாவின் அடிப்படை எழுத்துகள் 46. முதல் ஐந்துக்கு இன்றே உங்கள் கையால் அட்டை தயாரியுங்கள்.