கேஷும் காசும்

ஆங்கிலத்து ‘கேஷ்’ நம் ‘காசி’லிருந்து போனது என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். நைனார்பாளையத்தில் நாள் முழுக்க கேஷ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது சந்தோஷம் தரவேண்டும். தரவில்லை. இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது, பணப்பெட்டியைச் சொல்லும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. மூலம் லத்தீனின் ‘காப்ஸா’, பெட்டி. மற்றது சில்லறை நாணயத்தின் பெயர். சென்னையில் கும்பினி ரூபாய்க் கணக்குக்கு மாறிய 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசுதான் போர்த்துக்கீசியர் வாயில் ‘கைஷா’ ஆகி, ஆங்கிலத்தில் கேஷ் ஆயிற்று. பிறகு சீனத்தின் துளையிட்ட செப்புக்காசுக்கும் அதுவே பெயர். போர்த்துக்கீசியத்தில் பெட்டிக்கும் கைஷா என்றே பெயர் என்பதுதான் ருசியான விஷயம். தெரிந்த சொல்லின் சட்டையை அந்நியச் சொல்லுக்கு மாட்டிவிட்டார்கள். 1886இல் வந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியோ தமிழ்க் காசையும் தாண்டி சமஸ்கிருத ‘கர்ஷ’வுக்குப் போகிறது. மேடைக்காரர் இந்தப் பக்கத்தைப் புரட்டமாட்டார்.

கேஷியரிலும் இதே கூத்து. எங்கள் கேஷியர் பெட்டிக்காரர். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வெளியேற்றுவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றே வினைச்சொல். டச்சு வழி வந்தது, உடைத்தல் என்ற வேர். கணக்கு உதைக்கும் மாலைகளில் இரண்டும் ஒன்றென்றே தோன்றும்.

நம்மிடமும் காசு ஒன்றல்ல. நாணயம் ஒன்று; நகைக் கடனுக்கு வரும் காசுமாலையில் அது இன்னும் தொங்குகிறது. பொன்மணி ஒன்று. குற்றம் என்ற பொருளிலும் ஒரு காசு உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு வைத்த வாய்பாடும் காசு. அங்கே அர்த்தம் வேண்டாம், ஓசை போதும்.

எல்லாவற்றுக்கும் ஒரே வேர் என்பவர்களால் நஷ்டம் சரித்திரத்துக்கு மட்டுமல்ல. பாம்புக்கும் எள்ளுக்கும் சொந்தமில்லை என்பது தெரிந்ததால்தான் காளமேகம் இரண்டையும் ஒரு வெண்பாவுக்குள் அடைத்தார். எல்லோரும் பங்காளிகள் என்றால் சிலேடை ஏது? புதுக்கவிதைக்காரர்களின் காரியமும் இப்படித்தான் இருக்கிறது. ஓசை ஒத்த சொற்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு, அனுபவமும் ஒத்துவிட்டதாக நம்புகிறார்கள். ரணமும் மரணமும் ஒரு வரியில் வந்தால், நடுவில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரு ‘ம’ வந்திருக்கிறது, அவ்வளவுதான்.