‘சபாபதி’: மேடை நகைச்சுவையும் திரைப் பார்வையாளர் கருத்தும்

பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபைக்கென இயற்றிய ‘சபாபதி’, 1941ஆம் ஆண்டு ஏ.வி. மெய்யப்பன், ஏ.டி. கிருஷ்ணசாமி இயக்கத்தில் திரைப்படமாயிற்று. மயிலாடுதுறையில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘அசோக்குமார்’ வெளியானதும் அவ்வாண்டே. பாடலை நாடித் திரையரங்கு சென்ற பார்வையாளர், உரையாடலை நம்பிய ‘சபாபதி’யையும் வரவேற்றனர்.

இப்படத்தை ‘முட்டாள் வேலைக்காரனின் கதை’யாக மட்டும் நினைவுகூர்வோர் உளர். இக்கருத்து முழுமையானதன்று. எசமானும் (டி.ஆர். இராமச்சந்திரன்) ஏவலனும் (காளி என். இரத்தினம்) ஒரே பெயருடையோர். தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு களன்களைக் கூறும். அறியாமை பேதைமை எனவும், சொல்லிக்கொடுத்ததைப் பற்றி விடாமை மடன் எனவும் உரைமரபு பிரித்துரைக்கும். சொல்லை உள்ளவாறே கொள்ளும் ஏவலனிடம் மடனும், படிப்பில் தேறாத எசமானிடம் பேதைமையும் விளங்குகின்றன. குறிப்பைக் கேட்பவன் தானே உணர்வான் என்னும் எசமானின் நம்பிக்கை உடையுமிடத்தே நகை பிறக்கிறது.

சுகுண விலாச சபை கற்றோர் நடத்திய பயில்முறைக் குழு. இரத்தினமோ பாய்ஸ் கம்பெனி மரபினர். அம்மரபின் பயிற்சியே ஏவலனை எசமானுக்கு இணையான பாத்திரமாக்குகிறது. ஏவலனை மட்டும் நகைக்கும் பார்வை இவை அனைத்தையும் எள்ளல் ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது. எசமானின் பேதைமை அதில் தப்பிவிடுகிறது.