சைக்கிள் பாதைக்குக் காசு கேட்கலாமா?

2015 மார்ச்சில் ‘சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்’ என்ற நகரம் கட்டும் கணினி ஆட்டம் வந்தபோது அதை உருவாக்கிய கொலோசல் ஆர்டரில் சுமார் 13 பேர்தான் வேலை பார்த்தார்கள். பின்லாந்தின் தம்பரே நகரத்துச் சின்னக் குழு. அதற்கு முன் ‘சிட்டீஸ் இன் மோஷன்’ என்று பேருந்தும் டிராமும் ஓட்டவிடும் ஆட்டங்கள் இரண்டைச் செய்தவர்கள். சாலையிலும் போக்குவரத்திலும் அவர்களுக்கு இருந்த பிடிப்பைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் இன்றுவரை ரசிப்பது அதற்குப் பின் நடந்ததை. நன்றாக விற்ற ஓர் ஆட்டத்துக்கு ஆண்டுதோறும் டிஎல்சி (தனியாகச் சேர்க்கும் கூடுதல் பொதி) போட்டபோது, எதற்குக் காசு கேட்பது, எதைச் சும்மா கொடுப்பது என்று ஒரு கோடு போட்டார்களே, அந்தக் கோட்டை.

ஆட்டத்தின் முதல் பெரிய டிஎல்சி ‘ஆஃப்டர் டார்க்’, 2015 செப்டம்பரில் வந்தது. பெயரிலேயே இரவு இருக்கிறது. விற்பனைக்கு வந்த சரக்கே இரவுதான் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் இரவை அவர்கள் விற்கவில்லை. அன்றைக்கு வந்த பேட்ச்சில், அதாவது இலவசப் புதுப்பிப்பில், எல்லா ஊர்களிலும் பொழுது சாய்ந்தது. டிஎல்சி வாங்காதவரின் ஊரிலும் தெருவிளக்குகள் எரிந்தன, அடுக்குமாடி சன்னல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் பெற்றன, கார்களின் முன்விளக்கு சாலையில் விழுந்தது. காசு கேட்டது இரவில் போகிற இடங்களுக்கு: கேளிக்கைக் கடைவீதி, கடற்கரை உல்லாசம், டாக்சி, பெரிய விமான நிலையம், சைக்கிள் பாதை.

எங்கள் கெடாவின் சுங்கைப்பட்டாணியிலோ பெடோங்கிலோ தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். கூரையும் தண்ணீர்க்குழாயும் வீட்டோடு வர வேண்டும். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டுவது அவரவர் வசதி. அதற்குக் கூலி கேட்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கூரைக்குத் தனி விலை சொன்னால்தான் சண்டை.

அதே கையிலிருந்து கோணலும் வந்தது. 2016 பிப்ரவரியில் வந்த ‘ஸ்னோஃபால்’ பனி பெய்கிற வரைபடங்களைக் கொடுத்தது. அந்த வரைபடங்களில் ஆண்டு முழுக்கக் குளிர்காலம்தான், பருவம் மாறாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டிராமையும் அதே பெட்டியில் கட்டியதுதான் எனக்கு உறுத்தியது. அந்த நாட்களில் செமிலிங்கில் என்னோடு இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச வரும் கல்லூரிப் பையன் ஒருவன் நேராகவே கேட்டான்: “அண்ணே, நம்ம ஊர்ல பனியே பெய்யாது. டிராம் வேணும்னா பனியையும் சேர்த்து வாங்கணுமா?” நியாயமான கேள்வி. ஜார்ஜ்டவுனில் ஒரு காலத்தில் டிராம் ஓடியது; அதற்குப் பனி தேவைப்படவில்லை. தொடர்பில்லாத இரண்டை ஒன்றாகக் கட்டி விற்றால், வாங்குபவர் தனக்கு வேண்டாததற்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்.

2017 மே மாத ‘மாஸ் டிரான்சிட்’டில் கோடு மறுபடி நேரானது. ஃபெர்ரி, மோனோரயில், கேபிள் கார் எல்லாம் காசுக்கு. சாலைக்குப் பெயர் வைக்கும் வசதி எல்லாருக்கும் இலவசம். சின்னதாகத் தோன்றும். என் ஊர் வரைபடத்தில் ஆற்றோரச் சாலைக்கு ‘ஜாலான் மெர்போக்’ என்று எழுதிய நிமிடத்தில், அதுவரை வெறும் கோடாக இருந்தது சாலையாகிவிட்டது. சுரங்கச் சாலையும் அப்படித்தான், 2015லேயே பேட்ச்சில் இலவசமாக வந்தது. ஆட்டக்காரர்களே வரைந்த கட்டடங்களைத் தனிப் பொதியாக விற்று, வருமானத்தில் வரைந்தவருக்குப் பங்கு கொடுக்கும் வழக்கமும் 2016இல் மேட் கிரக்ஸின் ஆர்ட் டெக்கோ பொதியோடு தொடங்கியது. நியாயம் என்பது வாங்குகிறவர் பக்கம் மட்டும் பார்ப்பதல்லவே.

இரண்டாம் பாகம் வரும்போதுதான் கணக்கு கடினமாகிறது. எட்டு ஆண்டுகள் டிஎல்சி டிஎல்சியாக வாங்கிச் சேர்த்தவர் புது ஆட்டத்துக்கு வருகிறார். பழையதில் இருந்த அத்தனையும் முதல் நாளே வேண்டும் என்று அவர் கேட்டால், அது நடக்காத காரியம். எட்டு ஆண்டு உழைப்பை ஒரே விலையில் யாராலும் தர முடியாது. பழையதை அப்படியே உரித்து மறுபடி முதலிலிருந்து விற்றாலோ, அது வாடிக்கையாளரை அவமதிப்பது. நடுவில் ஒரு வழி இருக்கிறது: பழைய டிஎல்சிகள் கற்றுக்கொடுத்த பாடத்தைப் புது ஆட்டத்தின் அடித்தளத்தில் போடுவது.

2023 அக்டோபர் 24இல் வந்த ‘சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2’ இதைப் பெரும்பாலும் சரியாகச் செய்தது. அதற்குரிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். டிராம் உள்ளேயே வந்தது, பனியை ஒட்டிக்கொண்டு வரவில்லை. பருவங்கள் வந்தன, குளிர்ப் பிரதேச வரைபடத்தில் பனி விழுந்து உருகவும் செய்தது. டாக்சி அடிப்படை ஆட்டத்திலேயே இருந்தது. பல்கலைக்கழகம் கட்டினால், பிறகு அதோடு கூடுதல் கட்டடங்களை ஒட்டிக்கொண்டே போகலாம். செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழக வளாகத்தைத் தினமும் பார்க்கிற எனக்கு அது தனிச் சந்தோஷம். விளைநிலத்தையும் காட்டையும் நாமே எல்லை வரைந்து குறிக்கலாம். அங்கே விளைவிக்கக்கூடியவற்றில் ரப்பர் இல்லை. மரத்தொழில் நிலத்தை மலையடிவாரத்தில் வரைந்து, ஓரத்தில் வரிசை வீடுகளை வைத்து, அதை ரப்பர் தோட்டமாக நினைத்துக்கொண்டேன். நான்கு பக்கமும் நேர்கோடாக இல்லாமல், ஓடை வளைகிற இடத்தில் தோட்ட எல்லையும் வளைகிறது. கெடாவில் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த ஒரு வளைவு போதும்.

சறுக்கியது சரக்கில் இல்லை, நேரத்தில். ஆட்டம் பல கணினிகளில் திணறிக்கொண்டிருந்தது, கட்டடம் சேர்க்கும் கருவிகள் இன்னும் கைக்கு வரவில்லை. அந்த நிலையில் 2024 மார்ச் 25இல் ‘பீச் பிராப்பர்ட்டீஸ்’ என்ற பொதியைக் காசுக்கு விட்டார்கள். நீர்க்கரை வீடுகளும் பனைமரங்களும் இருந்தன. மணலில் ஆட்கள் உலாவும் கடற்கரை இல்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஏப்ரல் நடுவில் கொலோசல் ஆர்டரும் வெளியீட்டாளர் பாரடாக்ஸும் சேர்ந்து கடிதம் எழுதின. அவசரப்பட்டு அந்த நிலையில் வெளியிட்டது தவறு என்று ஒப்புக்கொண்டன. காசைத் திருப்பிக் கொடுத்து, பொதியை அடிப்படை ஆட்டத்தோடு எல்லாருக்கும் சேர்த்துவிட்டன.

இந்தத் தொழிலில் மன்னிப்புக் கடிதம் அதிசயமில்லை. விற்ற பொருளைத் திரும்ப வாங்கி அடித்தளத்தில் போட்டதுதான் எனக்கு முக்கியம், கோட்டைத் தாங்களே அழித்து மறுபடி வரைந்த மாதிரி. ஒரு குறை மட்டும் நின்றது. எல்லாவற்றையும் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய அல்டிமேட் பதிப்புக்காரர்களுக்குப் பணம் திரும்பவில்லை. ஈடாகக் கூடுதல் பொதிகளும் வானொலி நிலையங்களும் கொடுத்தார்கள். அதிகமாக நம்பி முதலில் பணம் கட்டியவருக்குப் பொருளாக ஈடு, காத்திருந்து வாங்கியவருக்குப் பணமாக ஈடு. எந்தப் பொதி என்ன தரும் என்று தெரியுமுன்னே முன்பணம் வாங்கும் பழக்கத்தையே விட்டுவிடலாம் என்பேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்டுவாரிப் பொதிகளைச் சொல்லாமல் விடக்கூடாது. பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான் என்று ஆட்டக்காரச் சமூகத்தின் கைவண்ணத்தில் ஆயிரக்கணக்கில் கட்டடங்கள், எல்லாம் இலவசம். 2025 இறுதியில் சைக்கிளும் வந்தது. முதல் பாகத்தில் ‘ஆஃப்டர் டார்க்’ வாங்கியவர் மட்டுமே விட முடிந்த சைக்கிள், இம்முறை பேட்ச்சில் எல்லாருக்கும். என் ஊரில் தோட்டத்து வாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரை பாதை போட்டு, காலை நேரத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்திப்பில் பேருந்து நிற்க, ஓரமாக மூன்று சைக்கிள்கள் அதைத் தாண்டிப் போயின. தோட்டத்துச் சனம் பால் வெட்டுக்கும் பள்ளிக்கும் சைக்கிளில் போய் வந்த வட்டாரம் இது. நடையும் சைக்கிளும் ஊருக்கு அடிப்படை. பத்து ஆண்டு கழித்தாவது அந்தக் கோடு அங்கே வந்து நின்றதே.

படகு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2025 அக்டோபரில் வந்த ‘பிரிட்ஜஸ் அண்ட் போர்ட்ஸ்’ அருமையான டிஎல்சி. துறைமுகத்தைத் துண்டு துண்டாக நாமே அடுக்கலாம், தூக்குப் பாலம் திறந்து கப்பலுக்கு வழிவிடும். இதற்கெல்லாம் விலை கேட்பது முழு நியாயம். ஆனால் ஃபெர்ரியும் அதே பெட்டியில் இருக்கிறது. எங்கள் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் தஞ்சோங் டாவாய்க்கும் பந்தாய் மெர்டேகாவுக்கும் நடுவே சின்னப் படகுகள்தான் ஆட்களைக் கடத்திவிடும். படகு இல்லையென்றால் உள்நாடு வரை சுற்றிக்கொண்டு வர வேண்டும். அப்படிப்பட்ட ஊரைக் கட்டுகிறவருக்குப் படகு, மற்ற ஊர்க்காரருக்குப் பேருந்து போல.

2026 தொடக்கத்திலிருந்து ஆட்டத்தின் பொறுப்பு கொலோசல் ஆர்டரிடம் இல்லை, ஐஸ்ஃப்ளேக் ஸ்டூடியோஸிடம்; அவர்களும் தம்பரேக்காரர்களே. இனி வரும் டிஎல்சிகளின் கோட்டை அவர்கள்தான் போட வேண்டும். படகையும் ஒரு சிறு துறையையும் பேட்ச்சில் எல்லாருக்கும் விடட்டும். பெரிய துறைமுகத்துக்கு நான் முதல் நாளே காசு கட்டுகிறேன்.