சாம்பலில் சமத்துவம்!

செஞ்சிக் கோட்டைக்கு என் மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். அரண்மனை மகளிர் உறைந்ததாகச் சொல்லப்படும் கல்யாண மகாலின் நிழலில் அமர்ந்து, தேசிங்குராசன் கதையை வீரம் கொப்பளிக்க எடுத்துரைத்தேன். 1714 அக்டோபர் 3. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படை ஒருபுறம். இருபத்திரண்டு வயது இளைஞன் மறுபுறம். அவனும் நண்பன் மகபத்கானும் களத்தில் மாண்டனர். "கற்பரசி கணவனோடு தீப்புகுந்தாள்" என்று கதையை முடித்தேன்.

"ஐயா, ராணி முதலில் இறந்திருந்தால் ராசா தீயில் இறங்கியிருப்பாரா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

நான் வாயடைத்து நின்றேன். பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாத கேள்வி, பாவாடை கட்டிய பெண்ணுக்குத் தோன்றிற்று!

தோழர்களே! தலைமுறை தலைமுறையாகப் பாடப்படும் அந்தக் கதைப்பாடலைச் சற்றே ஆராய்வோம். மதம் வேறாயினும் மனம் ஒன்றான இருவரின் நட்பை அது போற்றுகிறது; நாமும் போற்றுவோம். ஆனால் அரசி? அவளுக்குப் பாடல் சூட்டிய பெயர் இராணிபாய். இராணி என்பது பட்டம். பாய் என்பது வடபுலத்து மரியாதைச் சொல். பெயர் எங்கே? குதிரைக்குப் பெயர் உண்டு. கொற்றவன் மனைவிக்கு இல்லை! அவள் நினைவாக எழுந்ததென்று கூறப்படும் இராணிப்பேட்டையும் பட்டத்தைத்தான் சுமக்கிறது.

காதல் மிகுதியால் எரிந்தாள் என்பர். அப்படியா? நாலாண்டு முன்னர், 1710-இல், இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி மறைந்தார். உடன் எரிந்த மனைவியர் 47 பேர் என்று எழுதிவைத்தார் ஒரு கிறித்தவப் பாதிரியார். நாற்பத்தேழு உள்ளங்களிலும் ஒரே நாளிலா காதல் பொங்கிற்று? மூத்தவள், இளையவள் என்று அரண்மனை வகுத்த வேறுபாடு சாம்பலில்தான் ஒழிந்தது! பிற்காலத் தஞ்சையில் மராட்டிய மன்னரின் காமக்கிழத்தியரைக் 'கத்திக் கல்யாணம்' என்ற பெயரால் மன்னனின் கத்திக்கு மணமுடித்தனர். பட்டத்தரசியோ, காமக்கிழத்தியோ, இருவரும் உடைமைகளே. உடைமைக்கு உள்ளம் ஏது? விருப்பம் ஏது?

இதே மண்ணில் மதுரை மங்கம்மாளும் வாழ்ந்தாள். 1682-இல் கணவன் சொக்கநாதர் இறந்தபோது அவள் சிதையேறவில்லை. 1689 முதல் பேரனுக்காக நாடாண்டாள், சாலையமைத்தாள், சத்திரம் கண்டாள். தீயின் வாயில் விழாத ஒருத்தி செய்த பணி இது! தீ விழுங்கியவர்கள் எத்தனை பணிகளைத் தம்மோடு கொண்டுபோனார்களோ!

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? உடன்கட்டையை வங்கத்தில் 1829-இலும் சென்னை மாகாணத்தில் 1830-இலும் சட்டம் தடுத்தது. ஆயினும் 1987-இல் இராசத்தானத்துத் தியோராலாவில் பதினெட்டு வயதுப் பெண் சிதையில் கருகினாள். பல்லாயிரவர் கூடி விழா எடுத்தனர். அதன்பின் வந்த சட்டம், எரிப்பதை மட்டுமன்று, எரிந்ததைப் புகழ்வதையும் குற்றமாக்கியது. தீ மூட்டும் கைக்குத் துணிவு தருவது பாட்டுப் பாடும் வாயல்லவா?

2025-இல் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. காண வருவோர் பெருகுவர். அவர்களுக்கு எந்தக் கதையைச் சொல்லப் போகிறோம்?

மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுமிக்கு விடை சொன்னேன்: "இறங்கியிருக்க மாட்டார், அம்மா. அவரை இறங்கச் சொல்ல எந்தச் சாத்திரமும் இல்லை." கற்பரசி என்ற சொல்லை அன்றே என் கதையிலிருந்து நீக்கினேன். நட்பைப் பாடுவோம், வீரத்தைப் பாடுவோம். தீயைப் பாடோம்!