எழ மறுக்கும் கைபேசி

இரவில் நன்றாக இருந்த கைபேசி, புதிய மென்பொருளை ஏற்றிக்கொண்ட பிறகு காலையில் எழவில்லை. தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தோன்றுகிறது, மறைகிறது, மீண்டும் தோன்றுகிறது. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனால், அவர் கையில் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்: "சாஃப்ட்வேர் போட்டால் சரியாகிவிடும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்." நம்மில் பலர் இதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். கருவி பிழைக்க வேண்டுமானால் அதிலுள்ள படங்களும் குறிப்புகளும் அழிந்தே ஆகவேண்டுமா? இது பொறியியலின் தவிர்க்க முடியாத விதியா, அல்லது தயாரிப்பாளர்கள் தம் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடா? பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் முதலில் கைபேசி எப்படி எழுகிறது என்று பார்த்துவிடுவோம்.

பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது, மையச் சில்லுக்குள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட ஒரு சிறிய நிரல். எந்தப் புதுப்பிப்பாலும் இதை மாற்ற இயலாது. இது சேமிப்பகத்திலிருந்து துவக்க நிரலை எடுத்து, அதன்மேல் தயாரிப்பாளரின் இலக்கக் கையொப்பம் சரியாக உள்ளதா என்று சோதித்துப் பொறுப்பை ஒப்படைக்கிறது. கடைக்காரர்கள் 'பூட்லோடர்' என்று சொல்வது இந்தத் துவக்க நிரலைத்தான். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது லினக்ஸ் கருவை எழுப்புகிறது. கரு, அமைப்பு நிரல்கள் இருக்கும் பகுதியைத் திறக்கிறது. அதன்பின் நூற்றுக்கணக்கான பணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி, கடைசியில்தான் பூட்டுத் திரை உங்கள் கண்ணில் படுகிறது. அஞ்சல் ஓட்டத்தில் கோல் கைமாறுவதைப் போன்ற ஏற்பாடு இது. ஒருவர் கோலை நழுவவிட்டால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும்.

எங்கே நழுவியது என்பதை ஓரளவு வெளியிலிருந்தே ஊகிக்கலாம். ஒளியோ அதிர்வோ எதுவுமே இல்லையென்றால் முதலில் ஐயப்பட வேண்டியது மின்கலத்தையும் மின்னேற்றும் துளையையும்தான். சின்னம் மட்டும் வந்து வந்து மறைந்தால் துவக்க நிரலோ கருவோ தடுமாறுகிறது எனலாம். அசையும் ஓவியம் ஓடிக்கொண்டே இருந்து பூட்டுத் திரை வராவிட்டால், கரு எழுந்துவிட்டது, மேல் தளத்தில்தான் கோளாறு என்று பொருள். இந்த மூன்றாவது நிலையில் உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பழுதின்றி அப்படியே இருக்கும்.

எல்லாப் பழியையும் புதுப்பிப்பின்மேல் போடுவதும் நியாயமாகாது. 2015-இல் விற்பனைக்கு வந்த எல்ஜி ஜி4 கைபேசிகள் பல இப்படியே ஓயாமல் எழுந்து விழுந்தன. உள்ளுறுப்புகளுக்கிடையே இணைப்பு தளர்ந்திருப்பதே காரணம் என்று 2016 ஜனவரியில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அது மென்பொருள் கோளாறே அன்று. எத்தனை முறை மென்பொருள் போட்டிருந்தாலும் தீர்ந்திராது.

இனி, சேமிப்பகத்தின் அமைப்பைக் கவனியுங்கள். அது ஒரே அறையன்று. பல அறைகளாகத் தடுக்கப்பட்டது. அமைப்பு நிரல்களுக்கு ஓர் அறை, உங்கள் படங்கள், செய்திகள், செயலிகளின் கணக்கு வழக்குகளுக்கு வேறோர் அறை. புதுப்பிப்பு மாற்றி எழுதுவது முதல் அறையை. ஆனால் சிகிச்சை என்ற பெயரில் காலி செய்யப்படுவது இரண்டாவது அறை! கூரை ஒழுகுகிறது என்று ஓடு மாற்ற வந்தவர் வீட்டுப் பெட்டிகளையெல்லாம் தெருவில் எறிவதைப் போன்றது இது. இதற்கு ஒரு விளக்கம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய அமைப்பு சில நேரங்களில் இரண்டாவது அறையிலுள்ள பழைய அமைவுகளில் இடறி விழுகிறது. அறையையே துடைத்துவிட்டால் இடறுவதற்கு ஒன்றுமிராது. ஆனால் இடறும் கல் ஒன்றிருக்க, அறை முழுவதையும் துடைப்பது சோம்பேறி வைத்தியம்.

இந்தச் சோம்பலைக் கண்ணால் காண வேண்டுமானால் ஆண்ட்ராய்டு கைபேசியின் மீட்புத் திரையைப் பாருங்கள். மின்பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான கருவிகளில் இது தோன்றும். பொத்தான்களின் சேர்க்கை கருவிக்குக் கருவி மாறுபடும். கறுப்புப் பின்னணியில் ஒரு பட்டியல். பல கருவிகளில் ஆங்கிலத்தில் மட்டும். கைபேசியில் தமிழிலேயே எல்லாவற்றையும் படித்துப் பழகியவர், தம் வாழ்வின் படங்கள் முழுதும் ஆபத்தில் இருக்கும் அந்த நேரத்தில், பழகாத மொழியின் கலைச்சொற்களுக்கு முன் நிற்கிறார். 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' என்ற வரி தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்குவது, தீங்கற்றது. 'வைப் டேட்டா, ஃபாக்டரி ரீசெட்' என்ற வரி எல்லாவற்றையும் அழித்து, கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திருப்புவது. பல கருவிகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்த வரிகள். இரண்டும் 'வைப்' என்றே தொடங்குகின்றன. மருந்துக் கடையில் இருமல் மருந்தையும் எலி மருந்தையும் ஒரே தட்டில் அடுக்குவார்களா?

2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இல் 'ரெஸ்க்யூ பார்ட்டி', அதாவது மீட்புக் குழு என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அமைப்பின் மையப் பணி 5 நிமிடங்களுக்குள் 5 முறைக்கு மேல் விழுந்து எழுந்தால் இது தலையிட்டு, சில அமைவுகளைப் படிப்படியாகப் பழைய நிலைக்கு மாற்றிப் பார்க்கும். நல்ல யோசனைதான். ஆனால் எதுவும் பலிக்காவிட்டால் அதன் கடைசிப் படி, உங்களை மீட்புத் திரைக்குக் கொண்டுபோய், அனைத்தையும் அழிக்கச் சம்மதமா என்று கேட்பது. அங்கே உங்களுக்குக் கிடைக்கும் வழிகள் இரண்டு: மீண்டும் முயலுங்கள், அல்லது அழியுங்கள். "முதலில் என் கோப்புகளை வெளியே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல மூன்றாவது வழி இல்லை.

ஆப்பிள் நிறுவனம் இந்த ஒரு செய்தியில் பாராட்டத்தக்கது. எழாத ஐபோனை மீட்பு நிலைக்குக் கொண்டுவந்து கணினியுடன் இணைத்தால் இரண்டு தேர்வுகள் வரும். 'அப்டேட்' என்பது உங்கள் கோப்புகளைத் தொடாமல் அமைப்பை மட்டும் மீண்டும் பதிக்க முயலும். 'ரீஸ்டோர்' என்பது அழித்துவிட்டுப் பதிக்கும். முதலாவதை முதலில் முயலுமாறு நிறுவனமே அறிவுறுத்துகிறது. ஆகவே அழிக்காமல் மீட்பது இயலாத காரியமன்று. இதிலும் ஒரு குறை உண்டு. பதிவிறக்கம் 15 நிமிடங்களுக்கு மேல் நீண்டால் கைபேசி மீட்பு நிலையிலிருந்து வெளியேறிவிடக்கூடும். பதிவிறக்கம் முடிந்தபின் மறுபடி தொடங்க வேண்டும். மெதுவான இணைய இணைப்பு உள்ள வீடுகளை மனத்தில் வைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

அதே ஆப்பிளின் இன்னொரு முகத்தையும் மறக்கலாகாது. ஐபோன் 6-இல் விரல்ரேகைப் பொத்தானை வெளிக் கடைகளில் மாற்றிக்கொண்டவர்கள், பிறகு அமைப்பைப் புதுப்பித்தபோது '53-ஆம் பிழை' என்ற செய்தியைக் கண்டார்கள். கருவி செயலற்றுப் போயிற்று. பாதுகாப்பு ஏற்பாடு என்று முதலில் விளக்கம் தரப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும், 2016 பிப்ரவரியில் அக்கருவிகளை எழுப்பும் திருத்தம் வெளியாயிற்று. திருத்த முடிந்ததை ஏன் முன்பே திருத்தவில்லை? வெளியாரிடம் பழுது பார்த்ததைக் காரணம் காட்டி வாடிக்கையாளர்களின் உரிமையை மறுத்ததற்காக, 2018 ஜூனில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது.

ஆண்ட்ராய்டுப் பொறியாளர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 2016-இல் ஆண்ட்ராய்டு 7 ஓர் அருமையான முறையைக் கொண்டுவந்தது. அமைப்புக்கு ஓர் அறைக்குப் பதில் இரண்டு அறைகள்: ஏ, பி. ஏ-யில் கைபேசி இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய அமைப்பு பி-யில் பதிக்கப்படும். அடுத்த முறை கைபேசி பி-யிலிருந்து எழ முயலும். சில முயற்சிகளில் எழவில்லையென்றால் பழைய ஏ-க்கே திரும்பிவிடும். உரிமையாளருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. இடம் இருமடங்கு வேண்டும் என்பதே இதன் விலை. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11, மாற்றங்களை மட்டும் தனியே சேமித்து அந்த இடத்தையும் குறைத்தது. இருந்தும் சாம்சங் நிறுவனம் 2024-இல் காலக்சி ஏ55 கருவியில்தான் இம்முறைக்கு வந்து சேர்ந்தது. எட்டு ஆண்டுகள்! அதுவரை அதன் கைபேசிகளை வாங்கியவர்கள் ஒற்றை அறையோடு காலம் தள்ளினார்கள்.

ஆனால் இந்த நல்ல முறையிலும் என் முக்கியமான குறை ஒன்று உண்டு. புதிய அமைப்பு தேறிவிட்டதா என்பதற்கு அது வைக்கும் தேர்வு, "கைபேசி எழுந்ததா?" என்பதே. "உரிமையாளரின் கோப்புகள் கைக்கு எட்டுகின்றனவா?" என்று அது கேட்பதில்லை. ஒருமுறை தேறிவிட்டது என்று குறித்தாயிற்றென்றால், பழைய அறை பயன்படாது. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது இதுவே வெளிப்பட்டது. ஒரே கைபேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்குகள் வைத்திருந்த பிக்சல் உரிமையாளர்கள் சிலருக்குத் தம் சேமிப்பகமே திறக்கவில்லை; சிலருடைய கைபேசிகள் ஓயாமல் எழுந்து விழுந்தன. பிக்சல்கள் இரண்டு அறை முறையைத் தொடக்கம் முதல் கொண்டவை. கூகுள் அடுத்த மாதம் திருத்தம் வெளியிட்டது. அதற்குள் பொறுமையிழந்து அழித்துவிட்டவர்களுக்கு அத்திருத்தத்தால் என்ன பயன்? 2024 அக்டோபரிலோ, சாம்சங்கின் காலக்சி எஸ்10, நோட் 10 வரிசைக் கைபேசிகளை வீழ்த்தியது முழுப் புதுப்பிப்புகூட அன்று. பின்னணியில் தானே புதுப்பித்துக்கொண்ட ஒரு செயலிக் கூறு. எந்த அறைத் தடுப்பும் அதைத் தடுக்கவில்லை.

தயாரிப்பாளர் தரப்பு வாதம் ஒன்று வலுவானது. அதை மறைப்பது நேர்மையாகாது. இன்றைய கைபேசிகளில் உங்கள் கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளன. அவற்றைத் திறக்கும் திறவுகோல், சில்லுக்குள் பாதுகாக்கப்பட்ட இரகசியத்தோடும் உங்கள் கடவு எண்ணோடும் பிணைந்திருக்கிறது. நினைவகச் சில்லைப் பெயர்த்தெடுத்து வேறு கருவியில் படித்தாலும் குப்பைதான் கிடைக்கும். மீட்புத் திரை வழியாகக் கோப்புகளை எடுக்கலாம் என்றால், திருடனும் எடுப்பானே என்பது அவர்கள் வாதம். பொறுப்பான கவலைதான். ஆனால் விடை மிக எளிது: மீட்புத் திரையிலும் கடவு எண்ணைக் கேளுங்கள். தன்னார்வலர்கள் உருவாக்கிய 'டிடபிள்யூஆர்பி' என்னும் மாற்று மீட்பு நிரல் பல கருவிகளில் கடவு எண்ணைக் கேட்டுப் பெற்று, கோப்புகளைத் திறந்து, கணினிக்கு நகலெடுக்க விடுகிறது. ஊதியம் வாங்காதவர்கள் செய்து காட்டியதைப் பெரிய நிறுவனங்கள் செய்ய முடியாதென்பதை ஏற்பதெப்படி? அந்த நிரலையும் கோளாறு வந்தபின் போட இயலாது என்பது வேறு வேதனை. அதற்குத் துவக்க நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கும் செயலே உங்கள் கோப்புகளை அழித்துவிடும்.

அழிக்காத வழி ஒன்று ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. மீட்புத் திரையில் 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி' என்றொரு வரி இருக்கும். முழுப் புதுப்பிப்புத் தொகுப்பைக் கணினியில் இறக்கி, கம்பி வழியே அனுப்பினால், அமைப்பு அறை மட்டும் மறுபடி எழுதப்படும். உங்கள் அறை தொடப்படாது. கையொப்பம் சரியாக இருந்தாலொழிய மீட்பு நிரல் அதை ஏற்காது; பழைய பதிப்பையும் ஏற்காது. பிக்சல் கருவிகளுக்கான தொகுப்புகளைக் கூகுள் வெளிப்படையாகவே வழங்குகிறது. பல தயாரிப்பாளர்கள் இப்படித் தருவதில்லை. அதனால் மக்கள் முகம் தெரியாதவர்களின் தளங்களிலிருந்து கோப்புகளை இறக்கிப் பெரிய கேட்டைத் தேடிக்கொள்கிறார்கள். கூகுள் 2023-இலும் சாம்சங் 2024-இலும் தம் உயர்விலைக் கருவிகளுக்கு 7 ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தன. வரவேற்கிறோம். ஏழாண்டு என்பது எத்தனையோ புதுப்பிப்பு இரவுகள். அவற்றில் ஓர் இரவு பிசகினால் உரிமையாளரின் கோப்புகளுக்கு யார் பொறுப்பு என்பதற்கு அந்த அறிவிப்புகளில் இடம் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் கைபேசியே இந்த நிலையில் இருந்தால், அழிக்கும் வரியை அழுத்தும் முன் செய்ய வேண்டியவை சில. அரை மணி நேரமாவது மின்னேற்றுங்கள். பெரிய புதுப்பிப்புக்குப் பின் முதல் எழுச்சிக்கு நேரம் பிடிக்கலாம், அதற்கும் பொறுத்திருங்கள். கட்டாய மறுதுவக்கம் செய்து பாருங்கள். தற்காலிகக் கோப்புகளை நீக்கும் வரி இருந்தால் அதை முயலுங்கள். அதே வகைக் கருவியில் மற்றவர்களுக்கும் இது நேர்ந்துள்ளதா என்று விசாரியுங்கள். பலருக்கு நேர்ந்திருந்தால் திருத்தம் வரும் வாய்ப்புண்டு, கருவியை அணைத்து எடுத்து வைக்கலாம். நினைவக அட்டை இருந்தால் கழற்றி வேறு கருவியில் பாருங்கள். அட்டையைக் கைபேசியின் உள்நினைவகமாக இணைத்திருந்தால் மட்டும் அது வேறெங்கும் திறக்காது. எல்லாம் முயன்று அழிப்பதுதான் வழி என்றானால், கைபேசியில் இணைத்திருந்த கூகுள் கணக்கின் முகவரியும் கடவுச்சொல்லும் நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், மீட்புத் திரை வழியாக அழிக்கப்பட்ட கைபேசி அந்தக் கணக்கைக் கேட்காமல் மீண்டும் உள்ளே விடாது.