தாதியும் எமது கலை இலக்கியமும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அந்நான்குமாம். வைத்தியரையும் தாதியையும் ஒரே நிரையில் வைத்தெண்ணிய இப்பார்வையின் பெருமையை எமது அறிஞர்கள் மேடைகளிற் கூறத் தவறுவதில்லை. ஆயினும் அந்த நான்காம் கூறு எமது கலை இலக்கியத்தில் எவ்வாறு நடத்தப்பட்டுள்ளது என்பதை நாம் ஆராய்ந்ததில்லை.

பரிமேலழகர் இக்குறளுக்கு உரை கூறுமிடத்து, அருகிருந்து பணிபுரிபவருக்கு நான்கு இயல்புகளை வேண்டுகிறார். நோயாளியிடத்து அன்பு ஒன்று, மனத்தாலும் மொழியாலும் உடலாலும் தூய்மை மற்றொன்று, சொல்லியதைப் பிழையின்றிச் செய்து முடிக்கும் ஆற்றல் மூன்றாவது, அறிவு நான்காவது. பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஓர் உரையாசிரியர் தாதியிடம் எதிர்பார்த்தவற்றுள் அன்பு காற்பங்கே. எஞ்சிய முக்காற்பங்கும் பயிற்சியாலும் கல்வியாலும் வருவன. பிற்காலத்து எமது கலை அந்த முக்காற்பங்கையும் கைவிட்டு, அன்பை மட்டும் வைத்துக்கொண்டது என்பதே எமது குற்றச்சாட்டு.

சான்றுக்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1961இல் பீம்சிங் இயக்கிய 'பாலும் பழமும்' யாழ்ப்பாணத்து ரசிகர் உள்ளத்தையும் கொள்ளைகொண்ட படம். அதன் நாயகி ஒரு தாதி. புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்ட வைத்தியனுக்குத் துணைநின்று, அவனையே மணக்கிறாள். காசநோய்க்கு ஆளாகிப் பிரிகிறாள். பின்னர் அவன் கண்பார்வை இழந்திருக்கையில், தன்னை இன்னாரென்று காட்டிக்கொள்ளாது, தாதியாகவே திரும்பிவந்து பணிவிடை செய்கிறாள். கண்ணீர் மல்கப் பார்த்த எவரும் அவளுடைய தொழிலைப் பார்க்கவில்லை. அவள் தாதியாயிருப்பது பத்தினியாயிருப்பதற்கு ஒரு வேடம். அங்கே பணிவிடை என்பது மனைவியின் கடமையினது மறுபெயர். கணவனுக்குச் செய்வதை ஊருக்குச் செய்தால் அது தாதித்தொழில் என்பதே அப்படம் சொல்லாமற் சொல்லும் பாடம். மனைவிக்குக் கூலி இல்லை, வேலைநேரம் இல்லை, ஓய்வு கேட்கும் உரிமையும் இல்லை. தாதிக்கும் அவை தேவையில்லை என்ற முடிவுக்கு ரசிகர் தாமே வந்துவிடுகின்றனர்.

அடுத்த ஆண்டு வெளிவந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஒரு வைத்தியசாலைக்குள்ளேயே நிகழ்வது. தன் முன்னாட் காதலியின் கணவனைக் காப்பதற்காக வைத்தியன் அல்லும் பகலும் உழைக்கிறான், நோயாளி பிழைக்கிறான், வைத்தியன் மடிகிறான். அவன் நினைவாக ஒரு வைத்தியசாலை எழுகின்றது. கலைத்திறனில் இப்படம் உயர்ந்ததென்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் சோர்ந்த கை சத்திரக்கத்தியைப் பிடிக்கலாமா என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. அளவுமீறிய உழைப்பைத் தியாகமென்று வணங்கக் கற்ற சமுதாயம், அந்த உழைப்பினால் நோயாளிக்கு வரும் ஆபத்தைக் காணக் கற்கவில்லை.

இப்பார்வைக்குச் சமுதாய வேர் உண்டு. இணுவிலில் 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் தொடங்கப்பட்ட மக்லியொட் வைத்தியசாலை போன்ற மிஷன் நிலையங்களே இக்குடாநாட்டில் தாதித்தொழிலுக்கு வழிகாட்டின. பிறருடைய இரத்தத்தையும் மலத்தையும் கையாலே தொடும் வேலை, இரவில் வீட்டுக்கு வெளியே தங்கும் வேலை, சாதிமான் வீட்டுப் பெண்ணுக்கு அடாது என்ற எண்ணம் இங்கே வலுத்திருந்தது. தொடுவதை இழிவென்று கருதிய சமுதாயம், தொட்டுச் செய்யும் தொழிலை ஏற்க வேண்டி வந்தபோது அதற்குத் தேவதைப் பட்டம் சூட்டியது. பட்டம் கொடுத்தால் மதிப்புக் கொடுக்கவேண்டியதில்லை அல்லவா? சாதிக் கொடுமையைத் துணிந்து எழுதிய எமது முற்போக்கு எழுத்தாளர்களும் இந்தப் போலி வணக்கத்தைத் தோலுரித்துக் காட்டவில்லை.

போர்க்காலம் வந்தது. 1987 ஒக்டோபர் 21, 22ஆந் திகதிகளில் யாழ்ப்பாணம் வைத்தியசாலையில் வைத்தியர், தாதியர், பணியாளர், நோயாளர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்திய அமைதிப்படையினராற் கொல்லப்பட்டனர். அவர்களுக்காக நாம் அஞ்சலிக் கவிதைகள் எழுதினோம், எழுதியது தகும். ஆனால் இறந்த தாதியைப் பாடிய நாம், உயிரோடிருந்து இரவு முழுதும் விடுதியில் நடந்துகொண்டிருக்கும் தாதியைப் பாடவில்லை.

இதனால் என்ன கேடு என்று கேட்பாருக்குக் கொடிகாமத்திலிருந்தே விடை கூறலாம். கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடும் அச்சந்தியில் விபத்து நேர்ந்தாலும், அயற்கிராமத்துத் தாய்க்கு நள்ளிரவில் வலியெடுத்தாலும், முதலில் நினைவுக்கு வருவது சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை, அதற்கப்பால் யாழ்ப்பாணம். 2024 யூலையில் அச்சாவகச்சேரி வைத்தியசாலையின் வாயிலில் தென்மராட்சி மக்கள் திரண்டு நின்றனர். குறைகளை வெளியிட்ட பதில் அத்தியட்சகர் ஒருவர் அவர்களுக்கு வீரரானார். ஏனைய வைத்தியர் பகைவராயினர். அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாண மாவட்ட வாக்காளர் அவரைப் பாராளுமன்றத்துக்கும் அனுப்பினர். மக்களின் கோபம் நியாயமானது; அதை இகழ்வது எமது நோக்கமன்று. ஆயின் அந்த ஆரவாரத்திலே, இரவில் ஒரு விடுதிக்கு எத்தனை தாதியர், ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர் என்ற கேள்வி எவ்வளவு தூரம் ஒலித்தது? ஒரு வைத்தியன் ஆலயமாவான் என்று திரையிற் கண்ட கதையையே நாம் தெருவிலும் நடித்துப் பார்த்தோம்.

மறுபுறம் அரக்கியின் கதையும் ஆயத்தமாக இருக்கின்றது. 2023 செப்ரெம்பரில், காய்ச்சலுக்காக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் இடது கை மணிக்கட்டோடு அகற்றப்பட்டது. மருந்தேற்றுவதற்கு இடப்பட்ட கனூலாவைச் சூழ்ந்து எழுந்த கேள்விகள் நீதிமன்றம்வரை சென்றன. குற்றம் எவருடையது எனத் தீர்ப்பது விமர்சகரின் வேலையன்று. அந்தச் சிறுமியின் கைக்கு யாரேனும் பொறுப்புக் கூறியே ஆகவேண்டும். ஆனால் நாடெங்கும் பேசப்பட்டது ஒரு தனிமனிதரின் மனக்கொடுமையைப் பற்றியே. கனூலா இட்ட இடத்தை எத்தனை மணிக்கொருமுறை பார்க்கவேண்டும், வீக்கமும் நிறமாற்றமும் கண்டால் யாருக்கு அறிவிக்கவேண்டும், அறிவித்ததை எங்கே எழுதவேண்டும், பெற்றோர் 'கை நோகுது என்கிறாள்' என்று முறையிட்டால் அதற்குச் செவிசாய்க்கும் ஒழுங்கு என்ன என்பவை பேசப்படவில்லை. தேவதைக்கு ஒழுங்குமுறை வேண்டாம். அரக்கியை ஒழுங்குமுறை திருத்தாது. இரு உருவங்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையே.

உண்மையான தாதித்தொழிலோ எண்ணிக்கையும் கவனமும் சேர்ந்த தொழில். உரிய நோயாளிக்கு, உரிய மருந்தை, உரிய அளவில், உரிய வழியில், உரிய நேரத்தில் கொடுப்பது அதன் பாலபாடம். கிரிமியப் போரின்போது 1854இல் ஸ்கூற்றாரிக்குச் சென்ற புளோரன்ஸ் நைற்றிங்கேலை நாம் விளக்கேந்திய மங்கையாகவே பாடப்புத்தகங்களில் அறிவோம். இறப்புகளைக் கணக்கிட்டு வரைபடமாக்கி அரசாங்கத்தின் முன் வைத்து வாதாடிய புள்ளிவிபர நிபுணரும் அவரே. நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருப்பதே வைத்தியசாலையின் முதற்கடமை என்று வற்புறுத்தியவரும் அவரே. விளக்கை வைத்துக்கொண்டு கணக்கை எறிந்துவிட்டோம்.

அக்கணக்கு இன்றும் பேசுகின்றது. அமெரிக்காவில் லிண்டா ஐக்கென் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, சத்திரசிகிச்சை பெற்றோர் மத்தியில், ஒரு தாதியின் பொறுப்பில் மேலதிகமாக ஒரு நோயாளி சேரும்போது, முப்பது நாட்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 வீதம் கூடிக் காணப்பட்டது. அன்புள்ள தாதிக்கும் கண்கள் இரண்டே. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பயிற்சி பெற்றோர் பலர் கடல்கடந்த நாட்டில், விடுதியில் மீந்திருப்பவர்களின் புன்னகையை மட்டும் அளந்துகொண்டிருப்பது அநீதி.

இவ்வாறு கூறுவதால் நாம் தாதியருக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ணவேண்டாம். சாரம் உடுத்த கமக்காரனை 'நீ' என்றும், காற்சட்டை அணிந்து வருபவரை 'ஐயா' என்றும் அழைக்கும் நாக்கு எமது விடுதிகளில் உண்டு. ஏழைத் தாயின் வலியை 'இவவுக்கு மட்டுந்தான் நோவோ?' என்று அதட்டி அடக்கும் வழக்கமும் உண்டு. அதட்டலுக்கு அஞ்சிய நோயாளி தன் நோக்குறியை மறைப்பான். மறைத்த நோக்குறி உயிரைக் குடிக்கும். பரிமேலழகர் மொழித் தூய்மை வேண்டியது வெறும் நாகரிகத்துக்காக அல்ல என்பது இங்கே விளங்கும். வர்க்க பேதம் விடுதிக்குள் நுழையும்போது அது கொல்லும். அவ்வாறே, தவறான மருந்தளவைக் கண்டும் வைத்தியரிடம் கேட்கத் துணியாத தாதியின் மௌனமும் கொல்லும். சொல்லியதைச் செய்யும் ஆற்றலோடு அறிவையும் உரையாசிரியர் ஏன் தனியே எண்ணினார் என்பதை எமது வைத்தியசாலைகளின் படிநிலை அதிகாரம் இன்னும் கற்கவேண்டியுள்ளது.

எழுத்தாளரிடம் நாம் கேட்பது பெரிதன்று. காதலுக்குத் தூது போகாத, தியாகத்தால் உருகாத ஒரு தாதியைப் படையுங்கள். கடமை மாறும் நேரத்தில் அடுத்தவளிடம் எதைச் சொல்ல மறந்தாள், ஏன் மறந்தாள் என்பதை எழுதுங்கள். செய்த பிழையை ஒளிப்பதா, அறிவிப்பதா என்று அவள் தவிக்கும் ஓர் இரவை எழுதுங்கள். அறிவித்தால் தண்டனை மட்டுமே காத்திருக்கும் இடத்தில் பிழைகள் புதைக்கப்படும், புதைத்த பிழை அடுத்த நோயாளியின் கட்டிலில் முளைக்கும் என்பதைக் காட்டுங்கள். ஆண்டுதோறும் செப்ரெம்பர் 17ஐ நோயாளர் பாதுகாப்புத் தினமாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019 முதல் அனுட்டித்து வருகின்றது. அன்றைக்கு மண்டபங்களில் மாலை சூட்டிப் பேசுவோர் பேசட்டும்.

கொடிகாமத்திலிருந்து நள்ளிரவில் ஏற்றிச் செல்லப்படும் நோயாளிக்குத் தேவதை தேவையில்லை. உறங்கி எழுந்த, கணக்கறிந்த, கேள்வி கேட்க அஞ்சாத, தன்னை மனிதனாக மதிக்கும் ஒரு மனுஷி தேவை. அவளை வைத்தியசாலையில் வேண்டி நிற்கும் மக்களுக்கு, அவள் எப்படியிருப்பாள் என்று முதலிற் காட்டவேண்டியது இலக்கியத்தின் கடமையாகும்.